ஓவைன் கிளிண்டூர் வழித்தடச் சுற்றுலா: வீழ்ச்சியைச் சொல்லத் தயங்கும் ஒரு நல்ல பயணம்

இங்கிலாந்தின் ஆட்சிக்கு எதிராக 1400ஆம் ஆண்டு கிளர்ந்தெழுந்து, சில ஆண்டுகள் வேல்ஸ் நாட்டின் பெரும்பகுதியைத் தம் வசம் வைத்திருந்த ஓவைன் கிளிண்டூரின் தடங்களை, சிறு வேனில் அழைத்துச் சென்று காட்டும் வழிகாட்டிச் சுற்றுலா ஒன்றைப் பற்றிய மதிப்புரை இது. நடத்துவது ஒரு சிறிய நிறுவனம். அதன் பெயரைவிட, இத்தகைய பயணத்தில் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதே வாசகருக்குப் பயன்படும் என்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பார்ப்பதற்கு ஒன்றுமே மிஞ்சாத இடங்களில் இந்தச் சுற்றுலா மிகச் சிறப்பாக இருக்கிறது; பெரிய கட்டடம் கண்முன் நிற்கும் இடங்களில் தடுமாறுகிறது; கிளர்ச்சி எப்படித் தோற்றது என்று சொல்ல வேண்டிய இடத்திலோ அவசரம் காட்டி நழுவுகிறது.

பயணம் இங்கிலாந்தின் எல்லையோர நகரமான ஷ்ரூஸ்பரியில் தொடங்குகிறது. அங்கிருந்து சிகார்த், கிளிண்டிவர்டுவி, கோர்வென், ரிதின் ஆகிய இடங்களைக் கடந்து, எரிரி மலைப்பகுதியின் ஊடாகக் கடற்கரையில் உள்ள ஹார்லெக் கோட்டையை அடைந்து, பென்னல், மஹன்லெத் வழியாக உள்நாட்டுக்குத் திரும்பி, பில்லெத் போர்க்களத்தில் முடிகிறது. வரைபடத்தில் பார்த்தால் வண்டியை வீணாக அலையவிடாத நேர்த்தியான வட்டம்தான். ஆனால் காலவரிசை குலைந்துபோகிறது. 1409இல் வீழ்ந்த ஹார்லெக்கை முதலில் காண்கிறோம். 1404இல் நாடாளுமன்றம் கூடிய மஹன்லெத் அதற்குப் பின் வருகிறது. 1402இல் வெற்றி கிடைத்த பில்லெத் எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகிறது. சாலை வசதிக்காகச் செய்த இந்த ஏற்பாடு கதையின் பொருளையே மாற்றிவிடுகிறது என்பதுதான் இந்தச் சேவைமீது எனக்குள்ள முதன்மையான மனக்குறை.

வண்டியைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. சுத்தமாக இருந்தது, இருக்கைகள் போதுமான இடைவெளியோடு இருந்தன. இருபுறமும் உயர்ந்த புதர்வேலி நெருக்கும் எல்லைப்புறச் சாலைகளில் பெரிய பேருந்து நுழைய முடியாது என்பதால் சிறு வேன் என்பது ஆடம்பரமன்று, தேவை. வழிகாட்டி வெல்ஷ் மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர். ஊர்ப்பெயர்களை அவர் உச்சரிக்கும் விதத்தைக் கேட்ட பிறகு, அச்சில் மட்டும் பார்த்துப் பழகிய பெயர்களை எல்லாம் மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

வண்டி கிளம்பியதும் அவர் ஆற்றும் முன்னுரையே இந்தச் சேவையின் தரத்தைக் காட்டுகிறது. கிளிண்டூரின் எழுச்சியைப் பலரும் ஒரு நிலத்தகராறாகச் சுருக்கிவிடுவார்கள். ரிதின் பிரபு ரெஜினால்ட் கிரே அடுத்திருந்த நிலத்தைப் பறித்துக்கொண்டார், ஸ்காட்லாந்துப் படையெடுப்புக்கு வரச்சொல்லி மன்னர் அனுப்பிய அழைப்பாணையை வேண்டுமென்றே தாமதித்துக் கொடுத்து கிளிண்டூரைத் துரோகியாகக் காட்டினார், எனவே கிளிண்டூர் வாளெடுத்தார் என்பது அந்தக் கதை. வழிகாட்டி இதைச் சொல்கிறார், ஆனால் இதோடு நிறுத்துவதில்லை. 1282இல் கடைசிச் சுதந்திர இளவரசர் லுவெலின் கொல்லப்பட்டதும், முதலாம் எட்வர்ட் கோட்டைகளையும் அவற்றின் மதில்களுக்குள் ஆங்கிலக் குடியேற்ற நகரங்களையும் எழுப்பியதும், அந்த நகரங்களின் வணிக உரிமைகள் வெல்ஷ் மக்களுக்குப் பெரும்பாலும் மறுக்கப்பட்டதும், கொள்ளைநோய்க்குப் பின் ஆள்குறைந்த நிலங்களிலிருந்தும் பிரபுக்கள் பழைய அளவிலேயே வரி கறக்க முயன்றதும், 1399இல் இரண்டாம் ரிச்சர்டை வீழ்த்தி நான்காம் ஹென்றி அரியணை ஏறியதால் பலருடைய விசுவாசமே கேள்விக்குள்ளானதும் சேர்ந்துதான் அந்தத் தகராறு நாடு முழுவதும் தீயாகப் பற்றியது என்று அவர் பொறுமையாக விளக்குகிறார்.

அதைவிட முக்கியமாக, கிளிண்டூரை அவர் காட்டிலிருந்து வந்த வீரராகச் சித்திரிப்பதில்லை. தந்தைவழியில் பவிஸ் அரசமரபும் தாய்வழியில் தெற்கின் டெகெய்பார்த் அரசமரபும் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவர். இலண்டனில் சட்டம் பயின்றவர் என்று கருதப்படுபவர். 1380களில் ஆங்கிலப் படையிலேயே ஸ்காட்லாந்து எல்லையில் பணியாற்றியவர். ஆங்கில நீதிபதி டேவிட் ஹான்மரின் மகள் மார்கரெட்டை மணந்தவர். ஆக, எழுச்சி தொடங்கியபோது அவர் இழப்பதற்கு நிறைய வைத்திருந்த நடுவயது நிலக்கிழார். இந்தப் புள்ளியை மனத்தில் ஊன்றச் செய்துவிட்டு வண்டியைச் சிகார்த்துக்குத் திருப்புவது மிகச் சரியான முடிவு.

சிகார்த் என்பது லான்சிலின் கிராமத்துக்கு அருகே, ஆங்கில எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில், மேய்ச்சல் நிலத்தின் நடுவே நிற்கும் ஒரு மண்மேடு. அவ்வளவுதான். கட்டணச் சாவடியும் இல்லை, கடையும் இல்லை. வேலியைத் தாண்டி ஆடுகளுக்கு இடையே நடந்து போக வேண்டும். தனியாக வருகிறவர் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடக்கூடிய இந்த இடத்தில் எங்களை வெகுநேரம் நிறுத்திவைத்த வழிகாட்டியின் திறமையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. கிளிண்டூரின் ஆதரவில் இருந்த கவிஞர் யோலோ கோக், எழுச்சிக்குப் பல ஆண்டுகளுக்கு முன் இந்த மாளிகையைப் புகழ்ந்து பாடிய பாடலின் வெளிச்சத்தில் அவர் அந்த வெற்று மேட்டை ஒவ்வொரு பகுதியாக நிரப்பிக் காட்டினார். ஓடு வேய்ந்த கூரை, புகைபோக்கி, அகழி, அதன்மேல் பாலம், ஆலை, புறாக்கூண்டு, மீன்குளம், திராட்சைத் தோட்டம், மான்கள் உலவும் பூங்கா என்று பாடல் அடுக்குவதை நிலத்தின் மேடுபள்ளங்களில் பொருத்திப் பார்க்கச் சொன்னார். அகழியின் வளையம் இன்றும் தெளிவாகத் தெரிகிறது. கீழே ஈரம் தேங்கி நிற்கும் தாழ்வுகளைச் சுட்டி, குளங்கள் அங்கேதான் இருந்திருக்க வேண்டும் என்றார்.

பசியும் தாகமும் அறியாத வீடு, தாழ்ப்பாளும் பூட்டும் அரிதாகவே தென்பட்ட வீடு என்று அந்தக் கவிஞர் பாடியதைச் சொன்ன கையோடு, அதே வீட்டை 1403 மே மாதத்தில் இளவரசர் ஹென்றி எரித்ததைச் சொல்கிறார். பின்னாளில் அஜின்கோர்ட்டில் வென்று ஐந்தாம் ஹென்றியாகப் புகழ்பெற்ற அவர் அப்போது பதின்ம வயதினர். சிகார்த்துக்குப் போனோம், அங்கே யாரும் இல்லை, வீட்டை எரித்தோம், பிறகு கிளிண்டிவர்டுவிக்குப் போய் அங்கிருந்த மாளிகையையும் எரித்தோம் என்ற பொருள்பட அரசவைக்கு அவர் அனுப்பிய அறிக்கை கிடைத்திருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வில் மேட்டின் உச்சியில் மரத்தாலான மண்டபத்தின் அடித்தடங்களும் தீயின் சுவடுகளும் வெளிப்பட்டன. கவிதை, கடிதம், மண் ஆகிய மூன்று சாட்சியங்களையும் ஒன்றோடொன்று பேசவிடும் இந்த ஒரு நிறுத்தத்துக்காகவே கட்டணத்தின் கணிசமான பங்கைத் தரலாம்.

கிளிண்டிவர்டுவி மேடு டீ ஆற்றின் ஓரமாக, கோர்வெனுக்கும் லாங்கோலெனுக்கும் இடையிலான நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. லாரிகள் இரைந்தபடி கடக்கும் அந்தச் சாலையோரத்தில் நின்றுகொண்டு, 1400 செப்டம்பர் 16 அன்று உறவினரும் நண்பர்களுமான ஒரு சிறு கூட்டம் கிளிண்டூரை வேல்ஸின் இளவரசர் என்று அறிவித்ததைக் கற்பனை செய்வது கடினம். வழிகாட்டியும் அதற்காக வற்புறுத்தவில்லை. மேடு இந்த நிகழ்ச்சியைவிட மிகப் பழையது, அறிவிப்பு அருகிலிருந்த அகழி சூழ்ந்த மாளிகையில் நடந்திருக்கலாம் என்று அளவோடு சொல்லி முடித்துக்கொண்டார். கோர்வெனில் குதிரைமீது வாளேந்திய வெண்கலச் சிலையின் முன் படமெடுக்க நேரம் தருகிறார்கள். 2007இல் நிறுவப்பட்ட அந்தச் சிலை நகரச் சதுக்கத்துக்குச் சற்றுப் பெரிது என்பது என் அபிப்பிராயம். அங்குள்ள தேவாலயத்தின் வாசல்கல்லில் சிலுவை வடிவில் ஒரு பொளிவு இருக்கிறது. மலைமேலிருந்து கிளிண்டூர் கோபத்தில் எறிந்த குத்துவாள் பதிந்த தடம் அது என்று ஊரார் சொல்வார்கள். கல் அவர் காலத்துக்கு முற்பட்டது என்றாலும் கதை சுவையானதுதான்.

செப்டம்பர் 18 அன்று கிளிண்டூரின் ஆட்கள் தாக்கி எரித்த ரிதினைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை; மதிய உணவுக்காகவே அங்கே நிறுத்துகிறார்கள் என்று தோன்றியது. ஆனால் ரிதின்வரை வந்துவிட்டு வடகரையில் உள்ள கான்விக்குப் போகாமல் திரும்புவதை ஏற்க முடியவில்லை. 1401 ஏப்ரல் 1, பெரிய வெள்ளிக்கிழமை அன்று, காவற்படையினர் தேவாலயத்தில் வழிபாட்டில் இருந்த நேரம் பார்த்து, ரிஸ், க்விலிம் என்ற டியூடர் குடும்பத்துச் சகோதரர்கள் ஒரு சிறு கூட்டத்தோடு கான்வி கோட்டையைக் கைப்பற்றினார்கள். எட்வர்டின் வலிமைமிக்க கோட்டைகளில் ஒன்று ஒரு தந்திரத்தில் விழுந்த செய்திதான் உள்ளூர்க் கலகம் என்று நினைக்கப்பட்டதை நாடறிந்த கிளர்ச்சியாக்கியது. அதே சகோதரர்களின் உடன்பிறந்த மரெடித் என்பவரின் கொள்ளுப்பேரன்தான் 1485இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய ஏழாம் ஹென்றி. இவ்வளவு கதையும் வண்டிக்குள்ளேயே, மலைச்சாலைத் திருப்பங்களுக்கு நடுவே சொல்லி முடிக்கப்பட்டது. பயணத்தை அரைநாள் நீட்டிக் கான்வியைச் சேர்த்தால் கட்டணத்தை உயர்த்தினாலும் தகும்.

இனி ஹார்லெக். இங்கேதான் என் புகாரும் தொடங்குகிறது.

1283 முதல் 1289 வரை எட்வர்டின் தலைமைக் கட்டடக் கலைஞரான ஜேம்ஸ் எழுப்பிய இந்தக் கோட்டை, பாறையின் உச்சியில், இரட்டைக் கோபுர வாயில்மாளிகையோடு நிற்கும் காட்சிக்கு எந்த வழிகாட்டியும் தேவையில்லை. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்று; வேல்ஸ் அரசின் தொல்பொருள் அமைப்பான காடூவின் பராமரிப்பில் உள்ளது. அன்று பாறையின் அடிவாரம்வரை வந்து முற்றுகைக் காலத்தில் உணவுக் கப்பல்களைக் கொண்டுசேர்த்த கடல், இன்று மணல்மேடுகளுக்கு அப்பால் விலகிப் போயிருக்கிறது. மதில்மேல் நடந்து ஒருபுறம் அந்த மணல்வெளியையும் மறுபுறம் எரிரி மலைகளையும் பார்க்கும்போது, இதைக் கையில் வைத்திருந்தவர் நாட்டையே கையில் வைத்திருப்பதாக நம்பியிருப்பார் என்பது எளிதில் விளங்குகிறது.

கிளிண்டூர் 1404இல் ஹார்லெக்கையும் அபெரிஸ்ட்வித்தையும் கைப்பற்றி, குடும்பத்தை இங்கே குடியமர்த்தி, இதைத் தம் அரசவையாக்கினார். 1405இல் தம் ஆட்சிக்குட்பட்ட ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் நால்வரை அழைத்து இங்கே நாடாளுமன்றம் கூட்டினார். அவருடைய மரபுச் சின்னம் பொறித்த குதிரைச் சேண அணி ஒன்று இந்தக் கோட்டையில் கண்டெடுக்கப்பட்டிருக்கிறது. இவற்றையெல்லாம் வழிகாட்டி உற்சாகமாகவே சொன்னார். பொன்னும் சிவப்புமாக நான்கு சிங்கங்கள் கொண்ட கொடியை விரித்துக் காட்டினார், எல்லோரும் படமெடுத்துக்கொண்டோம். பிறகு கடைக்கும் காப்பிக்கும் நேரம் ஒதுக்கப்பட்டது. கோட்டை எப்படி விழுந்தது என்பதற்கு வண்டியில் ஏறிய பின் ஓரிரு வாக்கியங்கள் மட்டுமே கிடைத்தன.

இந்த இடத்தில் சொல்லப்பட வேண்டிய கதை எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1405 முதலே நிலைமை திரும்பத் தொடங்கியிருந்தது. அந்த ஆண்டு வசந்தத்தில் கிராஸ்மாண்டிலும் அஸ்க் அருகேயும் பெருந்தோல்விகள் நேர்ந்தன. கிளிண்டூரின் தம்பி டியூடர் கொல்லப்பட்டார். மகன் க்ரிஃபித் சிறைப்பட்டு இலண்டன் கோபுரத்துக்கு அனுப்பப்பட்டார். மில்ஃபோர்டு ஹேவனில் இறங்கிய பிரெஞ்சுப் படை கிளிண்டூரோடு சேர்ந்து வூஸ்டரின் அருகில்வரை போய், பெரும்போர் எதுவுமின்றித் திரும்பியது. இளவரசர் ஹென்றி போர்க்களத்தைத் தேடி அலைவதை விட்டுவிட்டு, கோட்டைகளை முற்றுகையிட்டு, உணவையும் வணிகத்தையும் அடைத்து, மாவட்டம் மாவட்டமாக மக்களை அடிபணியச் செய்யும் வழிக்கு மாறினார். 1408இல் அபெரிஸ்ட்வித் வீழ்ந்தது. ஹார்லெக் பீரங்கிகளின் தாக்குதலையும் பட்டினியையும் தாங்கி 1409இன் தொடக்கம்வரை நின்றது. முற்றுகையின்போது, கிளிண்டூரின் மருமகனாகிவிட்டிருந்த எட்மண்ட் மார்ட்டிமர் உள்ளேயே இறந்தார். கோட்டை விழுந்தபோது கிளிண்டூர் பிடிபடவில்லை. அவருடைய மனைவி மார்கரெட்டும், மகள் கேட்ரினும், கேட்ரினின் குழந்தைகளும் பிடிபட்டு இலண்டன் கோபுரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். 1413இன் முடிவுக்குள் கேட்ரினும் அவருடைய இரு பெண்குழந்தைகளும் இறந்து, இலண்டனில் புனித ஸ்வித்தின் தேவாலயத்தில் புதைக்கப்பட்டார்கள். அந்த இடத்தில் அவருக்கான ஒரு நினைவுச்சிற்பம் இன்று இருக்கிறது.

இந்தக் குடும்பம் ஐந்தாண்டுக் காலம் வாழ்ந்த அறைகளின் சுவர்கள் ஹார்லெக்கின் வாயில்மாளிகையில் அப்படியே நிற்கின்றன. அவற்றுக்குள் நிறுத்திவைத்துக் கேட்ரினைப் பற்றி ஒரு கால்மணி நேரம் பேசியிருந்தால், சிகார்த்தில் செய்ததைவிடவும் ஆழமான வேலையை வழிகாட்டி செய்திருப்பார். அவருக்குக் கதை தெரியாமல் இல்லை. நான் கேட்டபோது விவரமாகவே சொன்னார். கேட்காதவர்களுக்கு அது கிடைக்கவில்லை என்பதுதான் குறை. பயணத்தின் நடுவிலேயே வீழ்ச்சியைச் சொல்லிவிட்டால் அடுத்து வரும் மஹன்லெத்தின் முடிசூட்டுக்கும் பில்லெத்தின் வெற்றிக்கும் சுவை குறைந்துவிடும் என்று இந்தப் பயணத்தை வகுத்தவர்கள் நினைத்திருக்கலாம். அப்படியானால் வட்டத்தை எதிர்த்திசையில் சுற்றி, பில்லெத்தில் தொடங்கி ஹார்லெக்கை இறுதியை ஒட்டி வைத்திருக்கலாம். ஓட்டுகிற தூரம் அதே தூரம்தான்.

பென்னல் ஒரு சிற்றூர். அங்கேதான் 1406 மார்ச் 31 தேதியிட்டு கிளிண்டூர் பிரான்சின் ஆறாம் சார்லஸ் மன்னருக்கு எழுதிய இலத்தீன் கடிதம் பிறந்தது. அப்போதிருந்த இரு போட்டிப் போப்புகளில் பிரான்சின் அவிஞான் தரப்புப் போப்பை ஏற்பதற்கு ஈடாக, வெல்ஷ் திருச்சபை இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமையிடமான கேன்டர்பரியிலிருந்து விடுபட்டு செயின்ட் டேவிட்ஸின் தலைமையில் இயங்க வேண்டும், வெல்ஷ் மொழி அறிந்தவர்களுக்கே திருச்சபைப் பதவிகள் தரப்பட வேண்டும், வடக்கில் ஒன்றும் தெற்கில் ஒன்றுமாக இரண்டு பல்கலைக்கழகங்கள் அமைய வேண்டும் என்று அதில் கேட்கிறார். மூலக்கடிதம் பாரிசில் இருக்கிறது. வழிகாட்டி அதன் நகலைத் தேவாலயத்தின் நிழலில் கையிலிருந்து கைக்கு மாற்றிப் பார்க்கக் கொடுத்தார். கேட்டவற்றில் பல்கலைக்கழகம் அபெரிஸ்ட்வித்தில் வந்தது 1872இல். திருச்சபை கேன்டர்பரியிலிருந்து பிரிந்தது 1920இல். இந்த இரண்டு ஆண்டுகளையும் மட்டும் சொல்லிவிட்டு அவர் பேச்சை நிறுத்திக்கொண்டது நல்ல ரசனை. கட்டடமோ காட்சியோ இல்லாத இடத்தில் இந்தச் சுற்றுலா சிறக்கிறது என்று நான் முதலில் சொன்னதற்குப் பென்னலும் ஒரு சான்று.

அதற்கு நேரெதிரானது மஹன்லெத். 1404இல் ஸ்காட்லாந்து, பிரான்ஸ், காஸ்டீல் நாடுகளின் தூதர்கள் முன்னிலையில் கிளிண்டூர் இங்கே முடிசூடினார் என்பது மரபு. பெருவீதியில் நாடாளுமன்ற மாளிகை என்று அழைக்கப்படும் கல்வீடு அவரைப் பற்றிய காட்சியகமாக இருக்கிறது; பார்க்க வேண்டிய இடம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தின் மரங்களின் ஆண்டு வளையங்களைக் கொண்டு காலம் கணித்ததில் அது 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்று தெரியவந்திருக்கிறது. நாடாளுமன்றம் கூடிய இடம் இதுவாக இருக்கலாம், கூடிய வீடு இதுவல்ல. சிகார்த்தில் அவ்வளவு கவனமாகப் பேசிய அதே வழிகாட்டி, இங்கே கதவருகே நின்று இந்தக் கூரையின் கீழ்தான் வேல்ஸ் ஆளப்பட்டது என்று நாடகபாணியில் அறிவித்தது எனக்குச் சங்கடமாக இருந்தது. கிளிண்டூரை எதிர்த்த வெல்ஷ்காரரான டேவிட் கேம் அவரைக் கொல்ல முயன்று இதே ஊரில் பிடிபட்டார் என்ற கதையையும் ஐயத்துக்கே இடமில்லாத செய்தியாகச் சொன்னார். பிற்காலத்தில் எழுந்த அந்தக் கதையை ஆய்வாளர்கள் எச்சரிக்கையோடுதான் கையாளுகிறார்கள். அந்த ஆண்டு ஜூலையில் பிரான்சோடு கையெழுத்தான உடன்படிக்கை, அதற்காகப் பாரிசுக்குச் சென்ற தூதர்கள் க்ரிஃபித் யங்கும் ஜான் ஹான்மரும் என்று உறுதியான செய்திகள் இருக்க, உறுதியற்றவற்றுக்கு நேரத்தைச் செலவிடுவது வீண்.

1401இல் பும்லுமொன் மலையின் சரிவில், ஹித்கெனில், சிறுபடையோடு பெரிய படையை கிளிண்டூர் முறியடித்த இடத்தை மஹன்லெத்திலிருந்து கிளம்பும்போது விரல்சுட்டிக் காட்டுவதோடு சரி. வேன் போகும் பாதை அங்கே கிடையாது என்பதால் இதில் குறைகூற ஒன்றுமில்லை.

கடைசி நிறுத்தமான பில்லெத், லக் ஆற்றின் பள்ளத்தாக்கை நோக்கிய செங்குத்தான புல்மலை. பாதி உயரத்தில் ஒரு சிறிய வெள்ளைத் தேவாலயமும், அதற்கும் மேலே போரில் இறந்தவர்களைப் புதைத்த இடம் என்று குறிக்கப்படும் நிலத்தில் 19ஆம் நூற்றாண்டில் நடப்பட்ட நான்கு வெல்லிங்டோனியா மரங்களும் இருக்கின்றன. 1402 ஜூன் 22 அன்று எட்மண்ட் மார்ட்டிமரின் படை இந்தச் சரிவில் கீழிருந்து மேலே ஏறித் தாக்கியது. மேலிருந்து எய்பவருக்கு அம்பின் தொலைவு கூடும், கீழிருந்து எய்பவருக்குக் குறையும் என்பதை விளக்க, எங்களை அந்தச் சரிவில் பாதி தூரம் நடக்கச் சொன்னார் வழிகாட்டி. மூச்சு வாங்கி நின்ற இடத்தில், மார்ட்டிமரின் படையிலிருந்த வெல்ஷ் வில்லாளிகள் போரின் நடுவே பக்கம் மாறித் தம் வில்லை அவர் ஆட்களை நோக்கித் திருப்பியதைச் சொன்னார். போருக்குப் பின் வெல்ஷ் பெண்கள் பிணங்களைச் சிதைத்தார்கள் என்று ஆங்கிலக் குறிப்பாளர்கள் எழுதியதை மறைக்காமல் சொல்லி, எழுதியவர்கள் எந்தப் பக்கத்தவர் என்பதையும் நினைவூட்டினார். முன்பே பிடிபட்டிருந்த ரெஜினால்ட் கிரேக்கு 10,000 மார்க் மீட்புப்பணம் திரட்ட அனுமதித்த மன்னர், இந்தப் போரில் பிடிபட்ட, அரியணைக்கு உரிமை கோரக்கூடிய குடும்பத்தைச் சேர்ந்த மார்ட்டிமரை மீட்க முன்வராததும், மார்ட்டிமர் அந்த ஆண்டு முடிவதற்குள் கேட்ரினை மணந்து பக்கம் மாறியதும் இந்தச் சரிவில் நின்று கேட்கும்போது தர்க்கம் தவறாத தொடர்ச்சியாக விளங்கின.

பில்லெத்தில் செலவழிந்த நேரம் பயணத்திலேயே சிறந்த நேரங்களில் ஒன்று. ஆனால் எல்லோரும் உற்சாகத்தோடு வண்டியில் ஏறியபோது, 1402லேயே கதை முடிந்துவிட்டது போன்ற உணர்வு நிலவியது. என்னோடு வந்த ஒருவர், அப்படியானால் வேல்ஸ் எப்போது மறுபடி இங்கிலாந்தின் கைக்குப் போனது என்று கேட்டதைக் கேட்டேன். அது தவறான கேள்வி அல்ல. பயணத்தின் அமைப்பு எழுப்பிய கேள்வி. வெல்ஷ் மக்கள் நகரங்களில் நிலம் வாங்கவும், பொதுப்பதவி வகிக்கவும், ஆயுதம் ஏந்தவும், அனுமதியின்றிக் கூடவும் 1401இலும் 1402இலும் விதிக்கப்பட்ட தடைகள் கிளர்ச்சி ஓய்ந்த பின்னும் சட்டப்புத்தகத்தில் தொடர்ந்து இருந்தன, 1624இல்தான் நீக்கப்பட்டன. ஷ்ரூஸ்பரிக்குத் திரும்பும் வழியிலாவது இதைச் சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பதிலாக வண்டியில் நிறைந்தவை மறைந்த தலைவரைப் பற்றிய கதைகள். 1412க்குப் பிறகு கிளிண்டூரை யாரும் பார்த்ததாக உறுதியான பதிவு இல்லை. பெரும் வெகுமதி இருந்தும் எவரும் காட்டிக்கொடுக்கவில்லை. 1415இல் ஐந்தாம் ஹென்றி மன்னிப்பு வழங்க முன்வந்தும் பதில் வரவில்லை. கிளிண்டூரின் மகன் மரெடித் 1421இல்தான் மன்னிப்பை ஏற்றார். ஹெரிஃபோர்டுஷையரின் கென்ட்சர்ச்சில் மகள் ஆலிஸின் வீட்டில் கடைசிக் காலத்தைக் கழித்திருக்கலாம் என்பது வலுவான மரபு. இவற்றைச் சொன்ன தொனியில் ஒரு நிதானம் இருந்தது. குகைக்குள் உறங்கி நாட்டுக்குத் தேவைப்படும்போது எழுந்து வருவார் என்ற நம்பிக்கையைச் சொன்னபோது மட்டும் குரல் சற்று உயர்ந்தது. வெல்ஷ்காரர் ஒருவர் அந்த இடத்தில் குரலை உயர்த்தாமல் இருந்தால்தான் வியப்பு.

நடைமுறைச் செய்திகள் சில. தங்குமிடமும் காலை உணவும் கட்டணத்தில் அடங்கும்; மதிய உணவும் ஹார்லெக் கோட்டையின் நுழைவுச்சீட்டும் அடங்கா. முன்பதிவின்போது அனுப்பும் விவரத்தில் இதைச் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கையில் கூடுதலாகப் பவுண்டு வைத்திருப்பது நல்லது. தங்கவைத்த விடுதிகள் எளியவை, ஆனால் சுத்தமானவை. சிகார்த்திலும் பில்லெத்திலும் ஈரப் புல்லில் நடக்க வேண்டியிருப்பதால் நீர்புகாத காலணி கட்டாயம் தேவை. முழங்கால் வலி உள்ளவர்களால் பில்லெத்தின் சரிவில் ஏற முடியாது. கீழே காத்திருக்க அங்கே நிழற்கூடம் எதுவும் இல்லை, வண்டிக்குள்தான் உட்கார வேண்டும். சிறுவர்களுக்கு ஹார்லெக் பிடிக்கும், மற்றவை பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். செப்டம்பர் 16ஐ ஒட்டிப் போனால் சில ஊர்களில் கிளிண்டூர் நாளுக்கான கொடிகள் பறப்பதைக் காணலாம்.

ஹார்லெக்கையும் மஹன்லெத்தையும் மட்டும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்தச் சுற்றுலா தேவையே இல்லை. இரண்டு ஊர்களுக்கும் கேம்பிரியன் பாதையில் இரயில் போகிறது. சொந்தமாகப் போனால் கோட்டையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு நைட்டனில் தொடங்கி மஹன்லெத் வழியாக வெல்ஷ்பூலில் முடியும் கிளிண்டூர் வழி என்ற 217 கிலோமீட்டர் தேசிய நடைபாதை இருக்கிறது. ஹித்கென் பகுதியின் மலைகளை அங்கேதான் அருகில் காண முடியும். ஆனால் சிகார்த்துக்கும் பில்லெத்துக்கும் பொதுப்போக்குவரத்தில் போவது பெரும்பாடு. போய்ச் சேர்ந்தாலும், விளக்குவதற்கு ஆள் இல்லாவிட்டால் ஒரு மேட்டையும் ஒரு சரிவையும் பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடும். அந்த இரண்டு இடங்களுக்காகவும் பென்னலுக்காகவும் இந்தச் சேவைக்கு ஐந்தில் மூன்றரை தருகிறேன். போகிறவர்கள் ஹார்லெக்கில் காப்பிக் கடையைத் தவிர்த்துவிட்டு வாயில்மாளிகையின் மேலறைகளுக்குச் செல்லுங்கள். வழிகாட்டியையும் கூடவே அழைத்துச் சென்று கேட்ரினைப் பற்றிக் கேளுங்கள்.